ஊர் அணையை எப்படிப் பார்ப்பது: ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு

அணையைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கான்கிரீட்டைத்தான் பார்க்கிறார்கள். காரை பெயர்ந்திருக்கிறது, கம்பி எட்டிப் பார்க்கிறது, சுவரெல்லாம் பாசி. உடனே படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “இது எப்ப வேணும்னாலும் போயிடும் போலிருக்கே, நம்ம வீடு கீழேதான் இருக்கு” என்று கேட்கிறார்கள். நான் தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் ஏரிக் கரைகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். இப்போது மிச்சிகனில், ஆன் ஆர்பரில், மகள் வீட்டோடு இருக்கிறேன். ஊருக்குள் ஹ்யூரான் ஆறு ஓடுகிறது, ஆற்றில் நகராட்சிக்குச் சொந்தமான பழைய அணைகள் இருக்கின்றன. என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: கான்கிரீட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் மண் கரையைப் பாருங்கள், அடுத்து ஷட்டரைப் பாருங்கள், கடைசியாக நகராட்சியின் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவில் இப்படி ஊர்களின் கையில் இருக்கிற சிறிய மின் அணைகள் நிறைய உண்டு. கதையும் பெரும்பாலும் ஒன்றுதான். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு மின் கம்பெனியோ ஆலையோ கட்டியிருக்கும். பெரிய அனல் நிலையங்கள் வந்த பிறகு சின்ன டர்பைன்கள் கட்டுப்படியாகாமல் போக, அணை ஊர் தலையில் வந்து விழுந்திருக்கும். ஆன் ஆர்பரிலும் அப்படித்தான். பார்ட்டன், ஆர்கோ, கெடிஸ், சுப்பீரியர் என்ற நான்கு அணைகளும் டெட்ராய்ட் எடிசன் கம்பெனியிடமிருந்து 1960களில் நகராட்சிக்கு வந்தவை. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1978இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று, சிறு உற்பத்தியாளர்களிடமிருந்து மின்சாரத்தை வாங்கியே ஆகவேண்டும் என்று பெரிய மின் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. அந்தத் தெம்பில் 1980களில் பார்ட்டனிலும் சுப்பீரியரிலும் மறுபடி டர்பைன் சுழன்றது. பார்ட்டன் சுமார் 900 கிலோவாட், சுப்பீரியர் அதைவிடச் சிறியது. ஆனால் பார்ட்டனின் பெரிய மதிப்பு மின்சாரத்தில் இல்லை. நகரம் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி அந்த அணைக்குப் பின்னால் தேங்குகிற குளத்திலிருந்துதான் வருகிறது. அதனால் “பழசாயிருச்சு, இடிச்சிடலாம்” என்று பார்ட்டனைப் பற்றி யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

வீட்டில் உட்கார்ந்தே தொடங்குங்கள்

ராணுவப் பொறியாளர் பிரிவு, நாடு முழுவதும் உள்ள 90,000க்கும் மேற்பட்ட அணைகளுக்கு ஒரு தேசியப் பட்டியல் வைத்திருக்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். உங்கள் ஊர் அணையின் பெயரைப் போட்டால் கட்டிய வருடம், உயரம், உரிமையாளர், கண்காணிக்கும் அரசுத் துறை, கடைசியாகச் சோதித்த தேதி ஆகியவை வரும். அதில் இரண்டு தகவல்களை ஜனங்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, ஆபத்து வகை. ‘உயர் ஆபத்து’ என்று போட்டிருந்தால் அணை மோசமாக இருக்கிறது என்று பொருள் இல்லை. உடைந்தால் கீழே உயிர் போக வாய்ப்பு உண்டு என்றுதான் பொருள். நேற்றுக் கட்டின புத்தம்புது அணையும் உயர் ஆபத்து வகையில் இருக்கலாம். இன்னொன்று, நிலைமை: திருப்தி, சுமார், மோசம் என்கிற தரம். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். உயர் ஆபத்தும் மோசமான நிலைமையும் ஒரே வரியில் இருந்தால்தான் உடனே நகராட்சிக்குப் போன் போடவேண்டும்.

சரி, ‘சுமார்’ என்று போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? மிச்சிகன்காரர்கள் இதற்கு எடன்வில் அணையைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அது ஊருடையது அல்ல, தனியார் அணை. 1924இல் கட்டியது. பெருவெள்ளம் வந்தால் அதன் கலிங்கால், அதாவது மிகைநீர் வெளியேறுகிற வழியால், அதில் பாதியைத்தான் வெளியேற்ற முடியும் என்று ஃபெர்க் எனப்படும் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பல வருடம் மன்றாடிப் பார்த்துவிட்டு, 2018இல் மின் உற்பத்தி உரிமத்தையே ரத்து செய்தது. உரிமம் போனதும் மேற்பார்வை மாநில அரசின் கைக்கு மாறியது. மாநில அரசு அந்த வருடமே ஆய்வு செய்து, கட்டமைப்பு ‘சுமார்’ என்று எழுதியது. 2020 மே 19 மாலை மண் கரை சரிந்தது. அந்த வெள்ளம் கீழே இருந்த சான்ஃபோர்டு அணையையும் வாரிக்கொண்டு போக, மிட்லண்ட் பகுதியில் சுமார் 10,000 பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அதற்குக் காரணம், முந்தைய நாள் ராத்திரியிலிருந்தே ஜனங்களை வெளியேற்றத் தொடங்கியிருந்ததுதான்.

ஆகவே பட்டியலில் ‘கண்காணிக்கும் துறை’ என்ற இடத்தைக் கவனியுங்கள். மின்சாரம் எடுக்கும் அணை என்றால் பெரும்பாலும் ஃபெர்க். அதன் விதிகள் கறார்: உயர் ஆபத்து அணையாக இருந்தால், உரிமையாளர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு தனிப் பொறியாளரை வரவழைத்து முழுதாகச் சோதிக்கவேண்டும். மின் உற்பத்தியை நிறுத்தி உரிமத்தை ஒப்படைத்துவிட்டால் பொறுப்பு மாநிலத்துக்குப் போய்விடும். “கரண்ட் எடுக்கிறதை நிறுத்திட்டாங்க, இனி கவலை இல்லை” என்று நினைப்பது நேர் தலைகீழ். ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா நீர்வீழ்ச்சிக்கு மேலே ஒரு கல்லூரி தன் மின் தேவைக்காக வைத்திருந்த மண் அணையில் 1957இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். அதன்பின் அது வெறும் ஏரி. 1977 நவம்பர் 6 நள்ளிரவு தாண்டி, மழையில் உடைந்து 39 பேர் இறந்தார்கள். மின் உற்பத்தி நடக்கிற வரையில் தினம் ஒரு ஆள் அங்கே வந்து போவான். அது நின்றால் அந்த ஆளும் நின்றுவிடுவான்.

கரையில் நடப்பது

முதலில் ஒன்று: வேலி தாண்டாதீர்கள். பொதுப் பாதையிலிருந்தும் எதிர்க்கரையிலிருந்தும் பார்த்தாலே போதும். சின்ன தூரநோக்கி ஒன்று இருந்தால் நல்லது.

இந்தச் சிறிய அணைகளில் மூன்று பாகம் உண்டு: டர்பைன் கட்டடம், ஷட்டர் வைத்த கான்கிரீட் கலிங்கு, இரண்டையும் மேட்டு நிலத்தோடு இணைக்கிற மண் கரை. படம் எடுக்கிறவர்கள் முதல் இரண்டை எடுப்பார்கள். கரை புல் மூடிக் கிடக்கும், அது அணை என்றே பலருக்குத் தெரியாது, நாயைக் கூட்டிக்கொண்டு அதன்மேல் நடந்து போவார்கள். எடன்வில்லில் போனது அந்தப் பாகம்தான். அன்றைக்குத் தண்ணீர் கரையின் தலைக்கு மேலே ஏறவே இல்லை. உள்ளே தளர்வாகப் போட்டிருந்த மணல், தண்ணீர் ஊறி, பாரம் தாங்காமல் சில நொடிகளில் குழம்பாகிச் சரிந்தது என்று நிபுணர் குழு 2022இல் அறிக்கை கொடுத்தது. கட்டும்போது செய்த குறை, கிட்டத்தட்ட நூறு வருடம் உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தது. அந்த மாதிரிக் குறையை நடந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. துளை போட்டு மண் எடுத்துச் சோதிக்கவேண்டும். அதனால்தான் நகராட்சியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, “கரைக்குள் கடைசியாக எப்போது துளை போட்டு மண் பார்த்தீர்கள்?” என்பது.

நடந்து பார்த்தால் தெரிகிறவை வேறு. முக்கியமானது கசிவு. மண் கரை என்றால் கசியத்தான் செய்யும், கசியாத கரையை நான் பார்த்ததில்லை. கசிவு எங்கே வருகிறது, எவ்வளவு வருகிறது, என்ன நிறத்தில் வருகிறது என்பதுதான் விஷயம். ஆகஸ்ட் வெயிலில் சுற்றிலும் புல் காய்ந்து கிடக்க, கரையின் அடியில் ஒரு திட்டு மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தால் அங்கே கீழே ஈரம். சம்பங்கோரை முளைத்திருந்தால் அது பழைய ஈரம். குளிர் நாடுகளில் இன்னொரு வசதி உண்டு: பனி விழுந்த மறுநாள் போங்கள். கசிவு நீர் பூமிக்குள்ளிருந்து வருவதால் பனியைவிட வெதுவெதுப்பாக இருக்கும். கரை முழுக்க வெள்ளையாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் பனி உருகிக் கறுப்பாகத் தெரிந்தால், யாரும் வட்டம் போட்டுக் காட்டவேண்டியதில்லை.

பொது இடத்தில் அந்தத் தண்ணீர் ஓடி வந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். ஜன்னல் ஓரத்தில் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். தெளிவாகவே இருந்தால் தேதி எழுதி வையுங்கள், அவசரமில்லை. அடியில் மெல்லிய வண்டல் படிந்தால் அது வெறும் தண்ணீர் இல்லை, கரையே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கிறது. உள்ளே குழாய் மாதிரி ஓட்டை விழத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே சொல்லவேண்டும். கரையடியில் தரையிலிருந்து மணலைக் கொப்பளித்துக்கொண்டு ஊற்று கிளம்பியிருந்தாலும், கரைமேல் திடீரென்று குழி விழுந்திருந்தாலும், குளத்துப் பக்கம் கரையோரம் தண்ணீர் சுழித்து உள்ளே போனாலும் நகராட்சி அலுவலகம் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். அவசர உதவி எண்ணான 911க்கே போன் செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பொறுப்பாகப் பராமரிக்கிற அணையில் கசிவு நீரை ஒரு வடிகாலில் சேர்த்து, V வடிவத்தில் வெட்டிய தகடு ஒன்றின் வழியாக விட்டிருப்பார்கள். தகட்டில் தண்ணீர் எத்தனை அங்குலம் நிற்கிறது என்று பார்த்தால் ஓட்டத்தின் அளவு தெரியும். நான் போனால் முதலில் அந்தத் தகட்டைத்தான் தேடுவேன். அது பளிச்சென்று துடைத்து, பக்கத்தில் அளவுகோல் நேராக நின்று, போய்வருகிற ஒற்றையடித் தடம் புல்லில் தேய்ந்திருந்தால், யாரோ வாராவாரம் வந்து எழுதுகிறார்கள். தகட்டில் இலை அடைத்து, அளவுகோலில் எண் அழிந்து, செடி மண்டிக் கிடந்தால், அலுவலகத்தில் என்ன பதிவேடு காட்டினாலும் நான் நம்பமாட்டேன்.

மரங்களைப் பற்றிச் சொன்னால் இங்கே சண்டை வரும். கரையில் மரம் அழகுதான், நிழல்தான். ஆனால் மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, தண்ணீருக்கு ரெடிமேட் பாதை ஆகிவிடும். புயலில் சாய்ந்தால் கரையில் ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். அப்புறம் வளை தோண்டுகிற பிராணிகள். குளத்துப் பக்கம் மஸ்க்ராட் என்கிற நீரெலி, வெளிச்சரிவில் கிரவுண்ட்ஹாக் என்கிற பெரிய அணில் இனம். நம்மூர்க் கரைகளில் பெருச்சாளியும் நண்டும் செய்த வேலையை இங்கே இவை செய்கின்றன. புல்லை ஒட்ட வெட்டி வைக்கச் சொல்வது அழகுக்காக இல்லை, வளை கண்ணில் படவேண்டும் என்பதற்காக.

ஷட்டரும் இருட்டு ராத்திரியும்

மின் அணைக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு, ஏரி பார்த்துப் பழகியவர்களுக்கு அது சட்டென்று பிடிபடாது. சாதாரண நாளில் ஆறு முழுவதும் டர்பைன் வழியாகத்தான் போகிறது. வெளியே மின்கம்பியில் மரம் விழுந்து இணைப்பு அறுந்தால் எந்திரம் கட்டுக்கடங்காமல் சுழலக் கூடாது என்பதற்காக, டர்பைனுக்குத் தண்ணீர் விடுகிற இலைக் கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும். அடுத்த நிமிடமே அந்தத் தண்ணீருக்கு வழி இல்லை. கலிங்கு ஷட்டர் திறந்தாகவேண்டும். ஆனால் ஷட்டரின் மோட்டாருக்கும் அதே கம்பியிலிருந்துதான் மின்சாரம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு நொடிக்கு 500 கன அடி வருகிறது, பின்னால் 300 ஏக்கர் குளம் என்று வைத்துக்கொள்வோம். வெளியேறவே வழியில்லை என்றால் மட்டம் மணிக்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஏறும். ராத்திரி எட்டு மணி நேரம் யாரும் கவனிக்காவிட்டால் ஓர் அடி. சாதாரண நீரோட்டத்துக்கே இந்தக் கதி. மின்கம்பி அறுகிற அளவுக்குப் புயல் அடிக்கிற ராத்திரியில் ஆறும் சாதாரணமாக ஓடாது.

எனவே கேளுங்கள்: ஷட்டருக்கு டீசல் ஜெனரேட்டர் இருக்கிறதா? கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தார்கள்? சும்மா ஓட்டினால் போதாது, அதை வைத்து ஷட்டரை முழு உயரத்துக்குத் தூக்கினார்களா? கரண்ட்டே இல்லாமல் கையால் சுற்றித் தூக்க முடியுமா, அதற்கு எத்தனை ஆள், எவ்வளவு நேரம்? ராத்திரி அலாரம் அடித்தால் யாருடைய போன் ஒலிக்கும், அவர் வீடு அணைக்கு எவ்வளவு தூரம்? மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் இருக்கிறார். இங்கே அந்த வேலைக்கு ஒரு நகராட்சி ஊழியரும் அவருடைய செல்போனும்தான்.

கலிங்கை அடைத்துக்கொள்ளும் கட்டைகளையும் பாருங்கள். பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுனுக்கு மேலே இருந்த சவுத் ஃபோர்க் அணையில், மீன் தப்பிப் போகாமலிருக்க ஒரு உல்லாச கிளப் கலிங்கில் வலை போட்டிருந்தது. கீழ்மட்டத் தண்ணீரை வெளியேற்றும் குழாய்களை அதற்கு முன்பே யாரோ கழற்றி விற்றாயிற்று. வண்டி போவதற்காகக் கரையின் தலையையும் தாழ்த்தியிருந்தார்கள். 1889 மே 31 மழையில் வலையில் குப்பை அடைத்தது, தண்ணீர் கரைமேல் ஏறியது, 2,200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒவ்வொன்றும் அந்தந்தச் சமயத்தில் சின்ன வசதிக்காகச் செய்த சின்ன மாற்றம்தான். உங்கள் ஊர் அணையின்மேல் சைக்கிள் பாதை, பார்வை மேடை, தடுப்பு வலை என்று எதையாவது கட்டப் போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தால், வெள்ளம் போகிற வழியை அது குறுக்குகிறதா என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

உடையாத அணையும் ஆளைக் கொல்லும்

இதை ஊரிலிருந்து வந்திருக்கிற பெற்றோருக்கும், படகு வாடகைக்கு எடுக்கிற பிள்ளைகளுக்கும் கட்டாயம் சொல்லுங்கள். ஆற்றின் முழு அகலத்துக்கும் தண்ணீர் வழிந்து விழுகிற தாழ்வான அணையின் அடியில், விழுந்த நீர் மேலெழுந்து அணையை நோக்கியே திரும்பிச் சுழலும். பார்க்க இடுப்பளவு அருவி போலத்தான் இருக்கும். உள்ளே மாட்டினால் லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் விடாது. காப்பாற்றக் குதித்தவர்களும் போயிருக்கிறார்கள். மேலே ஆரஞ்சு மிதவை வரிசை தெரிந்தால் படகைக் கரையேற்றித் தலையில் சுமந்து நடங்கள். டர்பைன் கட்டடத்துக்குக் கீழே மீன் பிடிப்பவர்கள் சைரன் சத்தம் கேட்டால் தூண்டிலை விட்டுவிட்டு மேலேறவேண்டும். எந்திரம் கிளம்பினால் மட்டம் நிமிடத்தில் ஏறும்.

கணக்குப் புத்தகம்

900 கிலோவாட் எந்திரம் வருடம் முழுவதும் முழு வேகத்தில் ஓடினால் 78 லட்சம் யூனிட் சொச்சம். ஆறு அப்படி ஓடாது, பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். யூனிட்டுக்கு 5 சென்ட் என்று வைத்தால் வருடத்துக்கு 2 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. கரையை ஒருமுறை பலப்படுத்தும் செலவு இதைப் பல மடங்கு விழுங்கிவிடும். ஆகவே, “அணை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது” என்று கவுன்சிலில் யாராவது சொன்னால், பெரிய மராமத்துக்கு என்று தனியாக நிதி ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ‘வருமானத்திலிருந்து பார்த்துக்கொள்வோம்’ என்றால் ஒதுக்கவில்லை என்று அர்த்தம்.

கவுன்சில் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம்தான் கிடைக்கும். கோபமாகப் பேசி வீணாக்காதீர்கள். கடைசி ஆய்வறிக்கையில் சொன்ன திருத்தங்களில் எத்தனை முடிந்தன, எத்தனை பாக்கி, பாக்கிக்குத் தேதி என்ன என்று மட்டும் எழுத்துமூலம் கேட்டுவிட்டு உட்காருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அறிக்கை கேட்டால் சில பக்கங்களைக் கறுப்படித்துத் தருவார்கள். மின் கட்டமைப்பின் வரைபடங்கள் வெளியே போகக் கூடாது என்று விதி உண்டு, அதில் சதி எதுவும் இல்லை. திருத்தப் பட்டியல் எப்படியும் கிடைத்துவிடும்.

உங்கள் வீட்டுக்கு

அணை உடைந்தால் தண்ணீர் எந்தத் தெரு வரை வரும், எத்தனை நிமிடத்தில் வரும் என்று அவசரத் திட்டத்தில் வரைபடம் போட்டிருப்பார்கள். மாவட்ட அவசர மேலாண்மை அலுவலகத்தில் உங்கள் முகவரியைச் சொல்லிக் கேளுங்கள். மாவட்ட எச்சரிக்கைக் குறுஞ்செய்திக்கு உங்கள் எண்ணோடு, இந்திய சிம் மட்டும் வைத்திருக்கிற அப்பா அம்மாவுக்கு ஓர் உள்ளூர் எண் வாங்கிக் கொடுத்து அதையும் பதியுங்கள். ஹ்யூரான் ஆற்றின் மட்டத்தைப் புவியியல் ஆய்வகத்தின் 04174500 எண் அளவு நிலையம் இணையத்தில் ஓயாமல் காட்டுகிறது. உங்கள் ஆற்றுக்கும் ஒன்று இருக்கும், பெருமழை நாளில் அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காப்பீடு. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது, அணை உடைந்து வந்த வெள்ளம் என்றாலும் தராது. வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி எடுக்கவேண்டும். மத்திய அரசுத் திட்டத்தில் எடுத்தால் வழக்கமாக முப்பது நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். மிச்சிகனில் பனி உருகி ஆறு பெருகுவது மார்ச், ஏப்ரல். ஜனவரியிலேயே ஏஜென்டைக் கூப்பிடுங்கள்.